பாதி உண்மை குழந்தையைக் காப்பாற்றாது!

"தட்டம்மைக்கு வைட்டமின் ஏ கொடுத்தா போதும், ஊசி எதுக்கு?"ன்னு ஒரு உருட்டு சுத்திக்கிட்டு இருக்கு. அதை ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி 2 நிமிஷம் ஒதுக்கி இதைப் படிங்க மக்களே.

உண்மையை உண்மைன்னே சொல்லிடுவோம். தட்டம்மை வந்த குழந்தைக்கு வைட்டமின் ஏ கொடுக்கச் சொல்வது உலக சுகாதார நிறுவனமேதான். இந்த நோய் உடம்பில் உள்ள வைட்டமின் ஏ சத்தைக் காலி பண்ணிடும். அதனால் கண் போகலாம், நுரையீரல் கெடலாம். 1990-ல் வெளியான கேப்டவுன் ஆய்வில், கடுமையான தட்டம்மையோடு சேர்க்கப்பட்ட 189 குழந்தைகளில் 12 பேர் இறந்தார்கள். அதில் 10 பேர் வைட்டமின் ஏ கொடுக்கப்படாத பிரிவு.

நம்ம மண்ணிலேயே ஆதாரம் இருக்கு. மதுரை அரவிந்த் மருத்துவர் லட்சுமி ரஹ்மத்துல்லா குழு, திருச்சி மாவட்டத்தில் 15,419 குழந்தைகளிடம் ஆய்வு செய்தது. வாரா வாரம் சிறிய அளவில் வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடம் இறப்பு பாதிக்கும் மேல் குறைந்தது. காரணம், அங்கே அந்தச் சத்துக்குறைபாடு அதிகம்.

சரி, அப்போ உருட்டு எங்கே இருக்கு?

இந்த ஆய்வுகளில் எதுவுமே "வைட்டமின் கொடுத்தா தட்டம்மை வராது"ன்னு சொல்லல! வைட்டமின் ஏ வைரஸைத் தடுக்காது. வந்த நோய் குழந்தையைக் கொல்லாமல் இருக்க உதவும், அவ்வளவுதான். நோயே வராமல் தடுப்பது தடுப்பூசி. 2 தவணை போட்டால் சுமார் 97% பாதுகாப்பு.

வைட்டமின்தானே, கூடக் கொடுத்தா என்ன ஆகும்னு கேட்கிறீங்களா? இது சிறுநீரில் வெளியேறும் சத்து இல்லை, கல்லீரலில் தேங்கும். அதனால்தான் 1 வயதைத் தாண்டிய தட்டம்மை நோயாளிக்கு 2 லட்சம் யூனிட், 24 மணி நேரம் கழித்து இன்னொரு முறை என்று அளந்து கொடுக்கிறார்கள். மெடிக்கல் ஷாப்பில் வாங்கி தினமும் ஊத்துற சமாச்சாரம் இல்ல இது.

2025-ல் அமெரிக்காவின் மேற்கு டெக்சாஸைப் பாருங்க. 762 பேருக்குத் தட்டம்மை. பள்ளி வயதுக் குழந்தைகள் 2 பேர் பலி. இருவருமே தடுப்பூசி போடாதவர்கள். அந்த நாட்டு சுகாதார அமைச்சர் ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியர் என்ன செய்தார்? தடுப்பூசி காக்கும் என்று எழுதிய அதே கையால், போடுவதும் போடாததும் தனிப்பட்ட முடிவு என்றும் எழுதினார். வைட்டமின் ஏ, காட் லிவர் ஆயில் புகழ் பாடினார். லப்பாக் நகர மருத்துவமனைக்குத் தட்டம்மையோடு வந்த சில குழந்தைகளுக்கு, வைட்டமின் ஏ அளவு மிஞ்சி கல்லீரல் பாதிப்பு தெரிந்தது.

தனிப்பட்ட முடிவா? தட்டம்மைக் குழந்தையின் அருகில் இருக்கும், எதிர்ப்பு சக்தி இல்லாத 10 பேரில் 9 பேருக்கு அது ஒட்டும். நம் அட்டவணைப்படி முதல் ஊசியே 9 மாதத்தில்தான். உங்க பக்கத்து வீட்டு 6 மாதக் குழந்தைக்கு யார் பாதுகாப்பு? நீங்க உங்க பிள்ளைக்குப் போட்ட ஊசிதான்! அந்தக் குழந்தைகிட்ட யாராவது "உன் முடிவு என்ன"ன்னு கேட்டாங்களா?

ஊசியா, வைட்டமினா என்ற கேள்வியே மோசடி. நம் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் 9 மாதத்தில் தட்டம்மை ரூபெல்லா ஊசியும் வைட்டமின் ஏ சொட்டும் ஒரே நாளில், இலவசமாகக் கிடைக்கும். இரண்டுமே நம் குழந்தைகளின் உரிமை. ஒன்றைக் காட்டி மற்றதைப் பறிக்க விடாதீங்க.

அம்மை போட்டிருக்கா? வேப்பிலை கட்டுவது உங்க நம்பிக்கை, அதை யாரும் தடுக்கல. கூடவே குழந்தையை டாக்டரிடம் காட்டுங்க.

இன்னைக்கே வீட்டில் இருக்கும் தடுப்பூசி அட்டையை எடுங்க. 9 மாத ஊசி, 16 முதல் 24 மாதத்துக்குள் போடும் இரண்டாவது ஊசி, இரண்டும் பதிவாகி இருக்கா பாருங்க. விட்டுப் போயிருந்தா கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்க.

உருட்டு வந்த அதே குரூப்பில் இதையும் போடுங்க!

#தடுப்பூசி_நம்_உரிமை