கிளட்ச் எண்ணெய் எங்கே போனது?



கொழுந்து லொறி நடுவழியில் நின்றுவிட்டால் தோட்டத்தில் முதலில் எழும் கேள்வி, "யார் ஓட்டினது?" என்பதுதான். "எது பழுதானது?" என்று கேட்பவர்கள் குறைவு. இந்த இரண்டாவது கேள்வியைப் பற்றித்தான் இம்முறை பேசப் போகிறோம். அதற்குச் சரியான பதில் தெரியாவிட்டால் ஒரு சாரதியின் சம்பளம் போகும். சில வேளை லொறியில் இருப்பவர்களின் உயிரும் போகும்.

கடந்த மழைக்காலத்தில் எங்கள் தோட்டத்தில் நடந்தது இது. காலையில் ஆட்களை மேல் டிவிசனுக்கு ஏற்றிப்போவதும், பின்பு கொழுந்து ஏற்றி வருவதும் ஒரே பழைய லொறிதான். ஒரு நாள் பின்னேரம், கொழுந்துச் சாக்குகளோடு பத்துப் பன்னிரண்டு பெண்களும் ஏறியிருக்க, இறக்கத்து வளைவில் கியர் விழவில்லை. சாரதி அண்ணன் கிளட்சை மிதித்தார். பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. பிரேக்கை மிதித்து, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து, லொறியை மண்மேட்டில் சாய்த்து நிறுத்தினார். யாருக்கும் காயமில்லை. ஆனால் மறுநாள் காலைப் பிரட்டில் அவருக்குக் கிடைத்தது பாராட்டு அல்ல. "அரைக் கிளட்சில் ஓட்டிக் கிளட்சைத் தின்றுவிட்டாய். செலவைச் சம்பளத்தில் பிடிப்போம்" என்றார்கள்.

சங்கத்திடம் வந்தார். லொறி வேலை தெரிந்த ஓர் உறுப்பினரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தோம். அங்கே கற்றுக்கொண்டதை எல்லாத் தோட்டங்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஹைட்ரோலிக் கிளட்ச் என்பது பெரிய மர்மம் இல்லை. நம் பிள்ளைகள் சாதாரண தர விஞ்ஞானத்தில் படிக்கும் பாஸ்கலின் தத்துவம்தான். மூடிய குழாயில் உள்ள திரவத்தை ஒரு முனையில் அமுக்கினால் அந்த அமுக்கம் மறுமுனைக்குப் போய்ச் சேரும். பெடலுக்குப் பக்கத்தில் மாஸ்டர் சிலிண்டர் இருக்கிறது. கியர் பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்லேவ் சிலிண்டர் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே எண்ணெய் நிறைந்த குழாய். பெடலை மிதித்தால் அந்த எண்ணெய் கீழ்ச் சிலிண்டரைத் தள்ளி, எஞ்சினையும் கியர் பெட்டியையும் பிரித்து வைக்கும். எண்ணெய் ஒழுகினாலோ காற்றுப் புகுந்தாலோ அமுக்கம் போய்விடும். பெடல் இறங்கும், கிளட்ச் பிரியாது, கியர் கறகறவென்று சத்தம் போடும்.

இப்போது "அரைக் கிளட்ச்" குற்றச்சாட்டுக்கு வருவோம். பெடலில் காலை வைத்தபடியே ஓட்டினால் கிளட்ச் பிளேட் தேயும் என்பது உண்மைதான். அந்தப் பழக்கம் உள்ள சாரதிகள் அதை விடத்தான் வேண்டும். ஆனால் பிளேட் தேய்ந்தால் தெரியும் அறிகுறி வேறு. எஞ்சின் இரைந்துகொண்டே இருக்கும், லொறி ஏற்றத்தில் இழுக்காது, தீய்ந்த வாடை வரும். கியர் விழும். அமுக்கம் போனால் நடப்பது இதற்கு நேர்மாறு. லொறி நன்றாக இழுக்கும், ஆனால் கியர் மாறாது. ஒன்று கிளட்ச் பிடிக்காத நோய், மற்றது கிளட்ச் விடாத நோய். எங்கள் லொறிக்கு வந்தது இரண்டாவது. அரைக் கிளட்சில் ஓட்டியதால் டாங்கியில் இருந்த எண்ணெய் காணாமல் போகாது.

அப்படியானால் எண்ணெய் எங்கே போனது? அதை லொறியே காட்டிக்கொடுக்கும். தட்டையான இடத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டுத்தான் கீழே பார்க்க வேண்டும். ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையைக் கையால் விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரமாக இருந்தால் அங்கே ரப்பர் வொஷர் போய்விட்டது. சாரதியின் காலடியில், பெடலோடு சேர்ந்த கம்பி வழியாக ஈரம் வந்தால் மாஸ்டர் சிலிண்டர் ஒழுகுகிறது. இரண்டும் காய்ந்திருந்தால் குழாயையும் அதன் பொருத்துகளையும் பார்க்க வேண்டும்.

எங்கும் ஒழுக்கு இல்லை, டாங்கியில் எண்ணெயும் குறையவில்லை, ஆனாலும் பெடலை மிதித்து வைத்திருக்கும்போதே மெதுவாக இறங்குகிறது என்றால், மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே ரப்பர் தேய்ந்து எண்ணெய் பின்பக்கம் நழுவுகிறது. பெடல் பஞ்சுபோல் இருந்து, நாலைந்து முறை மிதித்ததும் கொஞ்சம் சரியானால், குழாயில் காற்று இருக்கிறது. அதை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் கீழே நிப்பிளைத் திறந்து குமிழியை வெளியேற்ற வேண்டும். நிப்பிளை மூடிய பிறகே பெடலை விட வேண்டும். டாங்கியில் எண்ணெய் வற்ற விடக்கூடாது. ஆனால் ஒழுக்கை அடைக்காமல் காற்றை மட்டும் எடுத்தால் சில நாளில் அதே கதைதான்.

எங்கள் லொறியில் ஸ்லேவ் சிலிண்டரின் உறைக்குள் எண்ணெய் தேங்கி நின்றது. உள்சுவரில் துரு. இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வருடக்கணக்கில் மாற்றாமல் விட்டால் அந்த ஈரம் சிலிண்டரை அரிக்கும், அரித்த சுவர் புது வொஷரையும் கிழிக்கும். அப்படியான சிலிண்டரையே மாற்ற வேண்டும். இது பராமரிப்புக் குறை. ஓட்டியவரின் குறை அல்ல. அதற்குச் சாட்சியும் இருந்தது. "கிளட்ச் எண்ணெய் குறைகிறது" என்று சாரதி அண்ணன் மூன்று முறை ரன்னிங் சார்ட்டில் எழுதியிருந்தார். ஒவ்வொரு முறையும் கிடைத்த பதில் ஒரு போத்தல் எண்ணெய். அந்தத் தாள்களை மேசையில் வைத்ததும் சம்பள வெட்டுப் பேச்சு நின்றது. சிலிண்டரும் மாற்றப்பட்டது.

"ஒரு கிளட்சுக்கு இவ்வளவு பேச்சா?" என்று கேட்கலாம். தட்டை நிலத்தில் கிளட்ச் போனால் லொறி நிற்கும், அவ்வளவுதான். மலையில் அப்படி இல்லை. இறக்கத்தில் பாரத்தைப் பிடித்து வைப்பதில் பாதி வேலை சின்ன கியருடையது. கியரைக் குறைக்கப் போய், பழையது கழன்று புதியது விழாவிட்டால், எஞ்சினின் பிடி முழுவதும் போய்விடும். முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். பிரேக் சூடேறினால் அதுவும் கைவிடும். சில வாகனங்களில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே டாங்கியிலிருந்துதான் எண்ணெய் போகிறது என்பதையும் மறக்கக்கூடாது. 2023 ஜனவரியில் நானுஓயாவின் ரதல்ல வீதி விபத்தில் 7 உயிர்கள் போயின. நம் வீதிகளில் ஒரு வாகனம் கட்டுப்பாட்டை இழந்தால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நிர்வாகம் சொல்லும் நியாயமும் நமக்குத் தெரியும். லொறியை நிறுத்தினால் சாக்கில் கொழுந்து சூடேறிக் கெட்டுவிடும். உண்மை. அதற்கு ஒரு நாள் வேறு வாகனம் அமர்த்தலாம். கெட்ட கொழுந்துக்குக் கணக்கு எழுதலாம். மனிதருக்கு அப்படி எழுத முடியாது.

நம் பக்கத்துப் பிழையையும் ஒப்புக்கொள்வோம். நடக்கும் தூரத்தை மிச்சம் பிடிக்க, லொறி சரியில்லை என்று தெரிந்தும் சாக்கின் மேல் ஏறிக்கொள்கிறோம். "பார்த்து ஓட்டுங்க அண்ணே" என்று சொல்லிவிட்டு உயிரை அவர் காலடியில் வைக்கிறோம். இதை நாம்தான் நிறுத்த வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இவற்றைக் கையில் எடுக்க வேண்டும்.

முதலாவது, சாரதிகள் எந்தப் பழுதையும் வாயால் மட்டும் சொல்லாமல் திகதியோடு எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தத் தாளைத் தொலைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, கிளட்ச் அல்லது பிரேக் எண்ணெய் குறையும் லொறியில் அது திருத்தப்படும்வரை ஒருவரும் ஏறக்கூடாது. ஓட்டச் சொல்லிச் சாரதியையும் வற்புறுத்தக்கூடாது.

மூன்றாவது, பழுதுச் செலவைச் சம்பளத்தில் பிடிப்பதாகச் சொன்னால் உடனே சங்கத்துக்கு அறிவிக்க வேண்டும். 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் அனுமதிக்காத வெட்டுக்கு யாரும் தலையாட்ட வேண்டியதில்லை.

நான்காவது, ஆட்களை ஏற்ற இருக்கையுள்ள வாகனம் வேண்டும். கொழுந்து லொறி கொழுந்துக்கு மட்டும்.

வேலையால் வரும் விபத்துக்கு நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. ஆனால் அது விபத்துக்குப் பிறகு வரும் பணம். நாம் கேட்பது அதற்கு முன்பு மாற்ற வேண்டிய ஒரு சிலிண்டரை. நாளைக் காலை உங்கள் லொறியில் ஏறும் முன் சாரதி அண்ணனிடம் ஒன்று கேளுங்கள்: "கிளட்ச் எண்ணெய் குறையுதா அண்ணே?" அவர் ஆமென்றால், ஏறாதீர்கள். தலைவரைக் கூப்பிடுங்கள்.