வீல் மாத்தியாச்சு, சென்சார் எங்கே? டேஷ்போர்டில் எரியும் அந்த மஞ்சள் விளக்கு ஏன் முக்கியம்?

பெங்களூருவில் ஐ.டி. வேலையில் இருக்கும் நண்பர் ஒருவர், சமீபத்தில் தன் பிக்கப் வண்டிக்குப் புது அலாய் வீலும் ஆல்-டெரெய்ன் டயரும் போட்டார். கடையை விட்டுக் கிளம்பி சில கிலோமீட்டர் போனதுமே டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு. குதிரை லாடம் மாதிரி ஒரு வடிவம், நடுவில் ஆச்சரியக்குறி. கடைக்குப் போன் பண்ணிக் கேட்டால், "அது சும்மா சென்சார் லைட் சார், காத்து கரெக்டாத்தான் இருக்கு, கண்டுக்காதீங்க" என்று பதில். இவரும் கண்டுக்கவில்லை. பழைய வீல்களை ஏற்கெனவே எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டார். அவற்றுக்குள் இருந்த நான்கு சென்சார்களும் கூடவே போய்விட்டன.

வீல் மாற்றும் பில்லில் டயர், ரிம், பேலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் தனித்தனி வரியாக வரும். சென்சாருக்கு மட்டும் பெரும்பாலும் வரியே இருக்காது. அந்த விடுபட்ட வரியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சென்சார் எங்கே இருக்கு, எப்படி வேலை செய்யுது?

டயர் அழுத்தக் கண்காணிப்பு, அதாவது டி.பி.எம்.எஸ்., இரண்டு வகை.

முதல் வகையில், ஒவ்வொரு வீலுக்குள்ளும் வால்வின் அடியில் ஒரு சின்ன சென்சார் இருக்கும். அது காற்றழுத்தத்தை அளந்து ரேடியோ அலையில் அனுப்பும். ஒவ்வொரு சென்சாருக்கும் தனி அடையாள எண் உண்டு. அந்த எண் வண்டியின் கணினியில் பதிவாகியிருந்தால்தான் அது சொல்வதை வண்டி கேட்கும். உள்ளே இருக்கும் பேட்டரி பொதுவாக 5 முதல் 10 ஆண்டுகள் வரை வரும். தீர்ந்தால், பெரும்பாலான சென்சார்களில் பேட்டரியை மட்டும் மாற்ற முடியாது. சென்சாரையே மாற்ற வேண்டும்.

இரண்டாவது வகையில் வீலுக்குள் எதுவுமே கிடையாது. காற்று குறைந்த டயரின் சுற்றளவு கொஞ்சம் சுருங்கும், அதனால் அது மற்ற டயர்களைவிட வேகமாகச் சுழலும். ஏ.பி.எஸ். சென்சார்கள் அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும். இந்த வகை வண்டியில் வீல் மாற்றினால், சரியான அழுத்தத்தில் காற்று நிரப்பிவிட்டு ரீசெட் செய்தால் போதும்.

உங்கள் வண்டி எந்த வகை? டேஷ்போர்டில் ஒவ்வொரு டயருக்கும் தனித்தனியாக எண் காட்டினால், பெரும்பாலும் முதல் வகை. உரிமையாளர் கையேட்டில் உறுதி செய்துகொள்ளலாம்.

இதற்கு ஏன் சட்டம் வரை போனார்கள்?

கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் இருந்த ஃபயர்ஸ்டோன் டயர்கள் ஓட்டத்திலேயே உரிந்து, வண்டிகள் கவிழ்ந்தன. 2000 ஆகஸ்டில் சுமார் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அந்த விபத்துகளோடு 270-க்கும் மேற்பட்ட மரணங்கள் தொடர்புபடுத்தப்பட்டன. குறைந்த காற்றழுத்தமும் ஒரு காரணமா என்பது அப்போது பெரிய சர்ச்சை. அதே ஆண்டில் வந்த ட்ரெட் சட்டத்தின் வழியாக டி.பி.எம்.எஸ். கட்டாயமானது. 2007 செப்டம்பருக்குப் பிறகு, பிக்கப் உட்பட அங்கே தயாராகும் எல்லா இலகு ரக வண்டிகளிலும் அது இருந்தாக வேண்டும்.

பலன் இருந்ததா? அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பின் 2012 ஆய்வுப்படி, டி.பி.எம்.எஸ். உள்ள வண்டிகளில் கடுமையான காற்றுக் குறைவு 55.6 சதவீதம் தவிர்க்கப்பட்டது. ஆனால் வண்டிக்கு வயதாக ஆக அந்தப் பலன் குறைந்தது. சென்சார் வேலை செய்கிற வரைக்கும்தான் இந்தப் பாதுகாப்பு.

இந்தியாவில் எல்லா கார்களுக்கும் இது கட்டாயமில்லை. இருந்தால் ஏ.ஐ.எஸ்.-154 தரத்துக்கு இருக்க வேண்டும். ஆனால் 2020 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஒரு முக்கியமான மாற்றம் செய்தது: டி.பி.எம்.எஸ்.-ஸும் பஞ்சர் ரிப்பேர் கிட்டும் இருக்கும் 3.5 டன் வரையிலான பயணிகள் வாகனங்களுக்கு ஸ்டெப்னி தேவையில்லை. அதாவது, ஸ்டெப்னி இல்லாத கார்களில் அதன் இடத்தைப் பிடித்திருப்பதே இந்த சென்சார்தான். வீல் மாற்றும்போது அதையும் இழந்தால், கையில் ஸ்டெப்னியும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை.

வீல் மாற்றும்போது என்ன தப்பு நடக்குது?

ஒன்று, மேலே பார்த்தது. பழைய ரிம்மோடு சென்சாரும் போய்விடுகிறது.

இரண்டு, டயரைக் கழற்றும் மெஷினின் அழுத்தும் கை வால்வுக்குப் பக்கத்தில் பட்டால் சென்சார் உடையும். வால்வு எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்து வைத்தால் தவிர்க்கலாம்.

மூன்று, பழைய சென்சாரைப் புது ரிம்மில் மாட்டும்போது ரப்பர் வாஷர், நட், வால்வு ஊசி ஆகியவற்றை மாற்றாமல் விடுவது. அலுமினிய வால்வுக்குள் சாதாரண பித்தளை ஊசியைப் போட்டால், நாளடைவில் அரித்து இறுகிவிடும். அதற்கு நிக்கல் பூசிய ஊசிதான் போட வேண்டும். சில பத்து ரூபாய் சாமான் விஷயம்தான், விட்டால் காற்று கசியும்.

நான்கு, தப்பான அலைவரிசை. அமெரிக்கச் சந்தைக்கான பல சென்சார்கள் 315 மெகாஹெர்ட்ஸில் இயங்கும், ஐரோப்பிய வண்டிகளுக்கானவை 433-ல். ஆன்லைனில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி மாட்டினால், உங்கள் வண்டிக்கு அது கேட்கவே கேட்காது.

ஐந்து, புது எண்ணைப் பதிவு செய்யாதது. இது வண்டிக்கு வண்டி மாறும். சிலவற்றில் கொஞ்ச தூரம் ஓட்டினாலே தானாகக் கற்றுக்கொள்ளும். சில அமெரிக்க பிக்கப்களில் ஒரு கருவியை இடது முன் டயரில் தொடங்கி வரிசையாக ஒவ்வொரு வால்வருகிலும் காட்ட வேண்டும், ஒவ்வொன்றும் பதிவானதும் ஹாரன் அடிக்கும். இன்னும் சிலவற்றில் ஓ.பி.டி. போர்ட்டில் ஸ்கேனர் மாட்டி எண்களை எழுத வேண்டும். இதற்கு ஒரு குறுக்குவழியும் உண்டு: பழைய சென்சாரின் எண்ணையே புதியதில் நகலெடுக்கலாம். வண்டிக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் அதற்குப் பழைய சென்சார் கையில் இருக்கணும்.

பிக்கப் வண்டிக்கு மட்டும் ஏன் கூடுதல் கவனம்?

காரில் நான்கு பேர் ஏறுவார்கள், அவ்வளவுதான். பிக்கப்பின் பின்பக்கம் ஒரு நாள் காலி, இன்னொரு நாள் பல நூறு கிலோ. அதனால் ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் காலியாக இருந்தால் ஒரு அழுத்தம், சுமையோடு இருந்தால் வேறு அழுத்தம் என்று பின் டயருக்குப் பெரும்பாலும் இரண்டு எண்கள் இருக்கும்.

இங்கே ஒரு கணக்கு போடுவோம். அமெரிக்க விதிப்படி, பரிந்துரைத்த அழுத்தத்தைவிட 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிய வேண்டும். பரிந்துரை 35 பி.எஸ்.ஐ. என்றால், விளக்கு எரிவது சுமார் 26-ல். இப்போது தடிமனான லைட் டிரக் ரக டயருக்கு மாறுகிறீர்கள், அதே எடையைத் தாங்க அதற்கு 45 தேவை என்று வைத்துக்கொள்வோம். காற்று 30-க்கு இறங்கினால், தேவையில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. வண்டியின் கணினிக்கோ எல்லை இன்னும் 26-தான். விளக்கு எரியாது. டயர் சூடாகிக்கொண்டே போகும்.

அதனால் டயர் ரகத்தை மாற்றினால், புது அழுத்தம் எவ்வளவு, எச்சரிக்கை எல்லையை மாற்ற முடியுமா என்று இரண்டையும் கேளுங்கள். அளவையே மாற்றுவதாக இருந்தால் இன்னும் யோசியுங்கள்: தயாரிப்பாளரின் அசல் விவரக்குறிப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

இன்னொரு விஷயம், வண்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னி. பல வண்டிகளில் அதற்குள் சென்சார் இருக்காது. பஞ்சரான வீலுக்குப் பதில் அதை மாட்டினால் விளக்கு எரியத்தான் செய்யும். அதற்குப் பயப்பட வேண்டாம், ஆனால் அதையே மாதக்கணக்கில் ஓட்ட வேண்டாம்.

சரி, கடைக்குப் போகும் முன் என்ன பண்ணலாம்?

• விளக்கின் மொழியைத் தெரிந்துகொள்ளுங்கள். தொடர்ந்து எரிந்தால் காற்று குறைவு. வண்டியை ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம் போலச் சிமிட்டிவிட்டு அப்புறம் நிலையாக எரிந்தால், பல வண்டிகளில் அது சென்சார் கோளாறு.

• ஆர்டர் கொடுக்கும் முன்பே கேளுங்கள்: பழைய சென்சாரைக் கழற்றி மாட்டுவீர்களா, புதுசா? பதிவு செய்யும் கருவி கடையில் இருக்கா?

• டயர் ஐந்தாறு வயதில் மாறுகிறது என்றால் சென்சாரையும் அப்போதே மாற்றுவது லாபம். ஆறு மாதம் கழித்து பேட்டரி தீர்ந்தால், திரும்பவும் டயரைக் கழற்றும் கூலி.

• பழைய வீலை விற்பதாக இருந்தால், சென்சாரை எடுத்துக்கொண்டு கொடுங்கள்.

• பஞ்சர் திரவம் ஊற்றினால், அது சென்சாருக்குப் பாதுகாப்பானதா என்று பாட்டிலில் பாருங்கள்.

• சென்சார் இருந்தாலும் மாதம் ஒருமுறை, வண்டி ஓடிச் சூடாகும் முன், கேஜில் செக் பண்ணுங்கள். 26-ல் எரியும் விளக்கு, 29-ல் ஓடும் டயரைப் பற்றி எதுவும் சொல்லாது.

நண்பரின் வண்டியில் அந்த மஞ்சள் விளக்கு இன்னமும் எரிகிறது. "பழகிடுச்சு" என்கிறார். பிரச்சினையே அந்தப் பழக்கம்தான். எப்போதும் எரியும் விளக்கும் எப்போதும் எரியாத விளக்கும் ஓட்டுபவருக்கு ஒன்றுதான். நாளைக்கு நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு ஆணி உண்மையிலேயே ஏறும்போது, அவருக்குச் சொல்ல அந்த வண்டியிடம் வேறு விளக்கு கிடையாது.