காடு விற்றுக் காடு காப்பதா?

மலேசியாவின் நெகிரி செம்பிலானில் பகாவ், கோலாப்பிலாப் பக்கத்துத் தோட்டங்களில் அதிகாலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போகிறவர்களுக்குப் பால்மரங்களுக்கும் செம்பனைக்கும் அப்பால் மலைக்காடு கருநீலமாகத் தெரியும். அந்தக் காட்டைப் பற்றி நம்மவரிடையேயும் பட்டணத்துப் படித்தவரிடையேயும் ஓர் அபிப்பிராயம் வேரூன்றிக் கிடக்கிறது. காடு தானே முளைத்துத் தானே வளர்வது. அதற்கு அரசாங்கம் செலவழிக்க என்ன இருக்கிறது. மரம் விற்ற காசில் வனத்துறை தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டு மிச்சத்தைக் கஜானாவில் சேர்த்தால் அதுவே உத்தமமான நிர்வாகம் என்பதே அந்த அபிப்பிராயம். சிக்கனத்தின் வேஷம் பூண்ட இந்த எண்ணம் காட்டுக்குப் பெரும் சத்துரு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பணம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். 1957ஆம் ஆண்டு அரசியல் சாசனம் நிலத்தையும் காட்டையும் மாநிலங்களின் அதிகாரத்தில் வைத்து, அவற்றின் வருவாயையும் மாநிலக் கஜானாவுக்கே உரியதாக்கியது. உரிமம் பெறும் பரப்புக்குப் பிரீமியம், வெட்டி வெளியேற்றும் மரத்துக்கு ராயல்டி, அதற்கு மேல் 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி வன மேம்பாட்டு நிதிக்கென்று ஒரு செஸ் வரி: இவையே முக்கிய வரவுகள். மரம் நின்றால் ராயல்டி இல்லை, செஸ் வரியும் இல்லை. லிங்கி ஆற்றுக்கும் மூவார் ஆற்றுக்கும் நீர் சுரந்து கொடுக்கும் மலைச்சரிவுக்கு, அந்த நீருக்காக ராயல்டி கணக்கிடுவார் எவருமில்லை. ஆகவே வெட்டு குறைந்த வருஷத்தில் நிதியும் குறைகிறது. நிற்கும் காடு மிகுந்து, எல்லைக் காவலும் ரோந்தும் அதிகம் தேவைப்படும் வருஷமும் அதுவே. காவல்காரனின் கூலியைக் களவு போகும் பொருளை விற்றே கொடுப்பது போன்ற இந்த ஏற்பாட்டை நல்ல நிர்வாகம் என்று எப்படிச் சொல்வது?

தோட்டத்து மனிதருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கத்தியை ஆழமாக இறக்கினால் அன்றைக்கு வாளியில் பால் மிகும். பட்டையில் காயம் படும். சில வருஷங்களில் அந்த மரம் பட்டை மரத்துப் போகும். அன்றைய பாலை மட்டும் நிறுத்துப் பார்க்கும் கங்காணியை எந்த நல்ல துரையும் மெச்சியதில்லை. வனத்துறையை மட்டும் நாம் வருஷாந்தர வரவை நிறுத்துப் பார்த்து மெச்சுகிறோம்.

காட்டின் காலக்கணக்கு வேறு. பட்ஜெட்டின் காலக்கணக்கு வேறு. 1948இல் மலாயாவில் புகுத்தப்பட்ட சீர்முறை வெட்டு, முதிர்ந்த மரங்களை ஒரே தடவையில் வெட்டும் முறை, மறுவெட்டுக்கு ஏறக்குறைய 70 ஆண்டுச் சுற்றை எண்ணி வகுக்கப்பட்டது. பின்னர் ஜெம்போல், பாலோங் போன்ற தாழ்நிலங்கள் குடியேற்றத் திட்டங்களுக்குப் போய், எஞ்சியவற்றில் பெரும்பகுதி மலைக்காடாக ஆனபோது, தேர்ந்தெடுத்து வெட்டும் முறை வந்து சுற்று ஏறக்குறைய 30 ஆண்டாகக் குறுகியது. அந்த 30 ஆண்டும் கன்றுகளைக் கணக்கெடுக்கவும், கொடிகளை அறுக்கவும், திருட்டு வெட்டைத் தடுக்கவும் இடையறாத செலவு வேண்டும். அதன் பலனை இன்றைய மந்திரியும் அதிகாரியும் காணமாட்டார்கள். காணாத பலனுக்குச் செலவிடுவதே அரசாங்கத்தின் தர்மம்.

"மரம் வெட்டினால் மரம் நடுகிறார்களே" என்பது அடுத்த வாதம். 2006 முதல் மத்திய அரசாங்கம் சலுகைக் கடன் கொடுத்து நடத்திய தோட்டக்காட்டுத் திட்டத்தில் ரப்பர் ஒரு பிரதான மரம். உலக உணவு வேளாண்மை நிறுவனமும் ரப்பரைக் காட்டுக் கணக்கில் சேர்க்கிறது. நிரை நிரையாக நின்ற பால்மரத்தடியிலேயே ஆயுளைக் கழித்த நமக்கு, அது காடன்று என்று வேறொருவர் சொல்லத்தான் வேண்டுமா? இதே மாநிலத்துப் பாசோ வனத்தில் ஆராய்ச்சியாளர் அளந்த 50 ஹெக்டேரில் 800க்கும் மேற்பட்ட மர இனங்கள் உள்ளன. இரண்டையும் ஒரே பத்தியில் எழுதும் கணக்கு, இழப்பை மறைக்கும் கணக்கு.

அப்படியானால் பணத்துக்கு வழி என்ன? சாசனம் மாநிலங்களுக்கு ஜனத்தொகையை எண்ணி ஒரு மானியமும், சாலையின் நீளத்தை அளந்து ஒரு மானியமும் தருகிறது. நிற்கும் காட்டை அளந்து தருவதாக ஒன்றும் அதில் இல்லை. 2019 பட்ஜெட்டில்தான் இயற்கைப் பாதுகாப்புக்கென்று மாநிலங்களுக்கு 6 கோடி வெள்ளி ஒதுக்கப்பட்டது; 2025க்கு அது 25 கோடியாயிற்று. திசை சரியானதே. ஆனால் வருஷந்தோறும் பட்ஜெட்டில் அறிவிக்கப்படும் தயவாக இல்லாமல், சாலை மானியம் போலச் சாசன உரிமையாக அது நிலைபெற வேண்டும். காவல் செலவு வெட்டு வருவாயிலிருந்து பிரிக்கப்பட வேண்டும். இயற்கைக் காடும் நட்ட மரமும் தனித்தனிப் பத்திகளில் எழுதப்பட வேண்டும்.

இது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று எவரும் ஒதுங்க வேண்டாம். காடு திருத்தித் தோட்டம் போட்ட கைகளில் நம் பாட்டன்மார் கைகளும் உண்டு. தோட்டம் தழைத்ததற்கு மலையிலிருந்து இறங்கிய நீரும் காரணம். அந்த நீரைக் குடித்து வளர்ந்தவர்கள், சட்டமன்றத்தில் பட்ஜெட் வரும்போது தம் பிரதிநிதியிடம் கேட்க வேண்டியது, "இந்த வருஷம் காடு எவ்வளவு கொடுத்தது?" என்பதன்று, "காட்டுக்கு நாம் எவ்வளவு கொடுத்தோம்?" என்பதே.