கல்வெட்டை முழுதாகப் படிக்கட்டும்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலிலுள்ள பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகளுக்கு மேடைகளில் என்றுமே மவுசு உண்டு. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் மோடியும் அவற்றைக் குறிப்பிட்டார். குடவோலை முறை, கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் பொறுப்புக்கு வரக்கூடாது என்ற விதி, இவையெல்லாம் கி.பி. 921-லேயே இருந்தன என்றால் பெருமைப்படலாம்தான். ஆனால் கால்வேலி நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரை வயது, வேதப் பயிற்சி ஆகிய தகுதிகளும் அதே சுவரில்தான் இருக்கின்றன. அது பிராமணர்களின் ஊர்ச்சபை. நிலமில்லாமல் உழுதவருக்கு அங்கே இடமில்லை.

கல்வெட்டின் முதல் பாதியை மட்டும் நடத்தும் பேராசிரியர் ஒரு தரப்புக்கு இனிப்பார். மறுபாதியை மட்டும் நடத்துபவர் மறுதரப்புக்கு. வம்பெதற்கு என்று பாடத்தையே தாண்டிவிடுபவர்களும் உண்டு. மூவரும் மாணவரை ஏமாற்றுகிறார்கள்.

மூன்றாமவரின் பயம் புரிகிறது. 2015 மே மாதம், பெயரில்லாப் புகார் ஒன்றையடுத்து சென்னை ஐஐடி அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டம் என்ற மாணவர் அமைப்பின் அங்கீகாரத்தை ரத்து செய்தது. எதிர்ப்பு வலுத்ததும் ஜூனில் திருப்பித் தந்தது. 2020 நவம்பரில் ஏபிவிபி எதிர்த்ததும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் அருந்ததி ராயின் நூலைப் பாடத்திலிருந்து நீக்கியது. அப்போதைய ஆளுநர் ஆர்.என். ரவியோ 2025 ஏப்ரலில் மதுரைப் பொறியியல் கல்லூரி மாணவர்களை 'ஜெய் ஸ்ரீராம்' சொல்ல வைத்தார். ஆசிரியர் வாயைத் திறந்தால் தப்பு, ஆளுநர் மேடையில் முழங்கினால் சரி போலும்.

மாணவருக்கும் பயம் உண்டு. உத்திரமேரூர் இருக்கும் மாவட்டத்திலேயே பரந்தூர் விமான நிலையப் பிரச்சினை இருக்கிறது. நிலத்தைத் தரமாட்டோம் என்று 2022 முதல் போராடும் ஏகனாபுரத்துப் பிள்ளையும், விமான நிலையம் வந்தால் வேலை கிடைக்கும் என்று நம்பும் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காரக்கூடும். இருவரில் யார் பேசினாலும் இன்டர்னல் மார்க் ஆசிரியர் கையில் என்ற நினைப்பு தொண்டையை அடைக்கும். ஆசிரியர் தன் கருத்தை மறைக்கவேண்டும் என்பதில்லை. அதை மறுத்தெழுதும் விடைத்தாளுக்கும், வாதம் திடமாக இருந்தால் முழு மதிப்பெண் போடவேண்டும். எதிர்த்தரப்பின் சிறந்த வாதத்தை, கேலி கலக்காமல், தானே எடுத்து வைக்கவும் வேண்டும்.

உயர்கல்வித் துறை உடனே இரண்டு உத்தரவுகள் போடலாம்: பெயரில்லாப் புகாரின் பேரில் எந்த ஆசிரியர் மீதும், மாணவர் அமைப்பின் மீதும் நடவடிக்கை கூடாது, கருத்து மாறுபாட்டால் மதிப்பெண் குறைந்ததாக மாணவர் முறையிட்டால் வேறொரு துறை ஆசிரியர் அந்தத் தாளைத் திருத்தவேண்டும். இதற்குப் புதிய சட்டமோ நிதியோ தேவையில்லை.