கண் திறந்த படம்

செத்தவர்களை அழகு செய்வதை யாராவது தடுக்க வேண்டும். குளிப்பாட்டிப் பொட்டிட்டு அனுப்புவதைச் சொல்லவில்லை, அது வேண்டியதுதான். காரியம் முடிவதற்குள் கூடத்துச் சுவரில் ஏறிவிடுகிறதே ஒரு படம், அதைச் சொல்கிறேன்.

விக்டோரியா மகாராணி காலத்தில் மேல்நாட்டிலும் இந்தத் தொழில் அமோகமாக நடந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டார் சித்திரக்காரருக்கு ஆள் அனுப்புவார்கள். அவர் கிடத்தியிருக்கும் உடம்பைப் பார்த்துக் கோடிழுத்துக்கொண்டு போய், கண் விழித்துக் கையில் பூவோடு நிற்கும் குழந்தையாக எழுதித் தருவார். ஆனால் மகாராணியையே பாருங்கள். 1861 டிசம்பரில் கணவர் ஆல்பர்ட் இறந்தார். மறு வருஷம் பெண்களோடு எடுத்துக்கொண்ட துக்கப் படத்தில் அவருக்குப் பதில் ஒரு மார்பளவுச் சிலை. கல் கல்லாகவே இருக்கிறது. மனிதர் போய்விட்டார் என்பதை அந்தப் படம் மறைக்கவில்லை.

நம் வீட்டுப் பாட்டிக்கு அந்த மரியாதை உண்டா? எழுபது வயது வரை தனியாக ஒரு படம் எடுத்துக்கொண்டதில்லை. கல்யாணக் குரூப் போட்டோவில், மூன்றாம் வரிசையில், யாரோ ஒருவருடைய தலைப்பாகைக்குப் பின்னால் பாதி முகம். ஸ்டுடியோக்காரர் அதைப் பெரிதாக்கி, மறுபாதியைத் தாமே போட்டு, யார் தோளையோ ஒட்டுகிறார். சுருக்கமெல்லாம் துடைத்தாயிற்று. அடகில் மூழ்கிப்போன காசுமாலை கழுத்துக்குத் திரும்பி வருகிறது! மாலையை மீட்காத பிள்ளைதான் பிரேமுக்குப் பணம் கொடுக்கிறான். பேரன் அந்த அம்மாளைப் பார்த்துக் கும்பிடுகிறான். உழைத்துக் காய்த்துப்போன கிழவி இரண்டாம் தடவை செத்துப்போகிறாள். இப்போது கம்ப்யூட்டர் இதையே நிமிஷத்தில் செய்து, சிரிக்கவும் வைத்துவிடுகிறது.

"திருவள்ளுவருக்கு மட்டும் முகம் தெரியுமா?" என்று மடக்குவார்கள். வேணுகோபால் சர்மா வரைந்த படம் 1964-ல் சட்டசபையில் திறக்கப்பட்டபோது, அது கற்பனை என்று எல்லோருக்கும் தெரியும். வள்ளுவரின் மடியில் வளர்ந்தவர் யாரும் அங்கே இல்லை. பாட்டியின் மடியில் வளர்ந்தவர்கள் இருக்கிறார்களே, ஐயா!

செங்கற்பட்டுப் பக்கத்து அன்பர்கள் ஒரு நாள் சதுரங்கப்பட்டினம் போய்வரட்டும். டச்சுக்காரர் கோட்டையில் 17, 18-ஆம் நூற்றாண்டுக் கல்லறைகள் இருக்கின்றன. கப்பலேறி வந்து நம் துணியை வாங்கி விற்ற மனிதர்கள், பணத்துக்குக் குறைவில்லை. கருங்கல்லில் பெயர், தேதி, குலச்சின்னம் என்று நுணுக்கமாகச் செதுக்கியிருக்கிறார்கள். 'இவர் இப்படித்தான் இருந்தார்' என்று ஒரு முகத்தை நம்மிடம் நீட்டவில்லை.

பாதி முகம்தான் கிடைத்ததா? அந்தப் பாதியையே மாட்டுங்கள், தலைப்பாகையோடு. அதுவும் இல்லையென்றால், அவள் வெற்றிலை இடித்த உரல் பரணில் கிடக்கும். எடுத்துத் துடைத்து வையுங்கள்.