நாய்க்கு எலும்பு போடும் நல்லவர்களே!

தலைப்பைப் பார்த்து அரசியல் பதிவு என்று நினைத்து உள்ளே வந்தவர்கள் மன்னிக்கவும். இது நிஜமாகவே நாய், நிஜமாகவே எலும்பு. "செமஸ்டர் தலைக்கு மேல இருக்கு, எழுத வேற விஷயமே கிடைக்கலையாடா?" என்று ரூம்மேட் கேட்டுவிட்டான். நீங்களும் கேட்பதற்கு முன்னால் ஒரு சின்னக் கொசுவர்த்தி சுத்திக்கிறேன்.

விருதுநகரில் எங்கள் வீட்டில் டைகர் என்று ஒரு நாய். பேர்தான் டைகர், பட்டாசு வெடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். போன தீபாவளிக்கு வீடு நிறைய சொந்தக்காரர்கள். பெரியப்பா பிரியாணியை முடித்துவிட்டு, கோழி எலும்பையெல்லாம் இலையோடு வழித்துக்கொண்டுபோய் டைகர் முன்னால் வைத்தார். "வேணாம் பெரியப்பா, குத்திரும்" என்றேன். "ஏலே, நாய்க்கு எலும்பு திங்க நீ சொல்லிக் குடுக்கியா?" என்றார். கூடத்தில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். என் தப்பு அங்கேதான் ஆரம்பம்.

மூன்றாம் நாள் டைகருக்குத் தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை. எக்ஸ்ரே எடுத்தால் குடலில் எலும்புச் சில்லு. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டது. செலவில் பாதியை யாரிடமும் சொல்லாமல் அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போனார் பெரியப்பா. கெட்டவர் இல்லை அவர். அதனால்தான் இந்தப் பதிவே. நாய் மேல் பாசம் இல்லாதவன் எலும்பு போடுவதில்லை, கல்லைத்தான் எடுக்கிறான். எலும்பு போடுவது எல்லாம் நம்மை மாதிரி நல்லவர்கள்தான்.

"எங்க காலத்துல நாய் எலும்பு திங்கலையா?" என்று கேட்கிறவர்களுக்கு ஒரு கேள்வி. உங்கள் காலத்தில் செத்துப்போன நாய்களை எத்தனை பேர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தீர்கள்? "என்னமோ சுணங்கிப் படுத்துச்சு, போயிருச்சு" என்று கொல்லையில் புதைத்துவிட்டு அடுத்த குட்டியைத் தூக்கி வந்தோம். பிழைத்த நாயை மட்டும் எண்ணினால் எல்லா எலும்பும் நல்ல எலும்புதான்.

வேக வைத்த எலும்பு ஈரமும் இழுவையும் போய் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். கடித்தால் ஊசி ஊசியாகப் பிளக்கும். அது வாயில், தொண்டையில், குடலில் எங்கே வேண்டுமானாலும் குத்தும். பாக்கெட்டில் வரும் கடை எலும்பாவது பரவாயில்லையா என்றால் அதுவும் இல்லை. சுட்டும் புகை போட்டும் விற்கப்படும் எலும்புத் தீனிகளைப் பற்றி 2010 முதல் 2017 வரை தனக்கு 68 புகார்கள் வந்ததாக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-ல் சொன்னது. பாதிக்கப்பட்ட நாய்கள் சுமார் 90, செத்தவை 15. இது புகார் கொடுத்தவர்களின் கணக்கு மட்டும். பச்சை எலும்பு நல்லது என்று ஒரு கட்சி இருக்கிறது. அது அவ்வளவாகச் சிம்பு சிம்பாகப் பிளக்காது, உண்மை. ஆனால் பல்லை உடைக்கும், சால்மோனெல்லா கிருமியை வீட்டுத் தரையெல்லாம் பரப்பும்.

சரி, பெரியப்பாவைத் திட்டியாச்சு. இப்போ என் முறை.

ஆபரேஷன் முடிந்த ஜோரில் "இனிமே எல்லாம் சயின்டிஃபிக்" என்று கிளம்பினேன். கடையில் பளபளவென்று பாக்கெட், இங்கிலீஷ் எழுத்து, சிரிக்கும் நாய்ப் படம். 400 ரூபாய்க்கு இமயமலைச் சீஸ் கட்டி ஒன்று வாங்கி வந்தேன். நேபாளம், சிக்கிம், டார்ஜிலிங் பக்கம் மனுஷர்கள் மென்று தின்னும் சுர்பிதான் அது. அவர்கள் வாயில் ஊறப்போட்டு மணிக்கணக்கில் மெல்லுவார்கள். டைகருக்கு அந்தப் பொறுமை ஏது? பக்கப் பல்லால் ஒரே கடி. மேல்தாடையின் பெரிய பல் சீவிவிட்ட மாதிரி பிளந்தது. வளர்ந்த நாய்க்கு மொத்தம் 42 பல், போனால் திரும்ப முளைக்காது. பெரியப்பா போட்ட எலும்பு இலவசம், நான் போட்டது 400 ரூபாய். வித்தியாசம் அவ்வளவுதான்.

அன்றைக்குத்தான் ஒன்று உறைத்தது. இந்தப் பாக்கெட்டெல்லாம் நாய்க்காகச் செய்ததே இல்லை. சிவப்புக் கலர் எலும்பு, பச்சைக் கலர் எலும்பு என்று அடுக்கியிருக்கிறார்கள். நாய்க்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசமே தெரியாது. அதன் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும்தான். அப்போ அந்தக் கலர் யாருக்கு? பர்ஸ் வைத்திருக்கும் ஜீவனுக்கு. முடிச்சுப் போட்ட வெள்ளை எலும்பு மாதிரி விற்கிறார்களே, அது எலும்பே இல்லை. செருப்புக்கும் பைக்கும் போகும் மேல்தோலைப் பிரித்தபின் மிஞ்சும் அடித்தோல், சுண்ணாம்பில் ஊறி, வெளுக்கப்பட்டு, சுருட்டிக் காயவைத்தது. பெரிய துண்டாக விழுங்கினால் வயிற்றில் ஊறி உப்பி அடைத்துக்கொள்ளும். "மனிதர் உண்ணும் தரம்" என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். நம் நாட்டின் 2006-ம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'உணவு' என்பதன் விளக்கத்திலேயே விலங்குத் தீவனம் சேராது என்று இருக்கிறது. உங்கள் பிஸ்கட்டுக்குள்ள காவல் உங்கள் நாயின் பிஸ்கட்டுக்கு இல்லை.

"அப்போ நாய் எதைத்தான்டா கடிக்கும்?" நியாயமான கேள்வி. கடிக்காமல் அதால் இருக்க முடியாது. குட்டிக்குப் பால் பல் விழுந்து புதுப் பல் வரும்போது ஈறு ஊறும். பெரிய நாய்க்குப் பொழுது போகணும். நாம் கொடுக்காவிட்டால் செருப்பு இருக்கவே இருக்கிறது. ரெண்டு தடவை அடிபட்டபின் நான் வைத்திருக்கும் கணக்கு இதுதான்:

1. நகத்தால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழவில்லையா, அது பல்லை உடைக்கும். வைத்துவிடுங்கள்.

2. முழுசாக வாய்க்குள் போகாத அளவு இருக்கணும். கடித்துக் கடித்துச் சின்னதானதும் பிடுங்கிவிடணும். அந்தக் கடைசித் துண்டுதான் எமன்.

3. சைலிட்டால் என்ற சர்க்கரை மாற்று இருந்தால் தொடவே கூடாது. நாய்க்கு ரத்தச் சர்க்கரை சடாரென்று இறங்கும், ஈரலும் கெடும். வெங்காயம், திராட்சை, சாக்லேட்டும் விஷம்தான்.

4. மாங்கொட்டையும் மக்காச்சோளத் தக்கையும் நம்ம ஊர் வில்லன்கள். ருசிக்காக அப்படியே விழுங்கும், குடலில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

5. ரப்பர் பொம்மை என்றால் ரெண்டு பக்கமும் ஓட்டை இருக்கணும். ஒரே ஓட்டை என்றால் காற்று இழுத்து நாக்கு உள்ளே மாட்டிக்கொள்ளும்.

அதற்குப் பிடிக்குமா என்று கேட்கிறீர்களா? நாய்க்கு ருசியைவிட வாசனைதான் முக்கியம். டைகரின் இன்றைய மெனு: ரப்பர் பொம்மைக்குள் தயிர்சாதமும் உப்பில்லாமல் வேகவைத்த கோழிக்கறியும் (எலும்பில்லாமல்!) திணித்து ஃப்ரீசரில் வைத்தது. முக்கால் மணி நேரம் நக்கிக்கொண்டே இருக்கிறது. சில நாள் பெரிய கேரட், பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது மட்டும். எலும்பு வடிவம் இல்லை, கலர் இல்லை, இங்கிலீஷ் இல்லை. வாலை ஆட்டுவதில் ஒரு குறையும் இல்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பெரியப்பா வந்திருந்தார். இலையை மடக்கி நேராகக் குப்பைத் தொட்டியில் போட்டு மூடியைச் சாத்தினார். டைகர் பின்னாலேயே போய் நின்று அவர் முகத்தைப் பார்த்தது. "உனக்கு ஒண்ணும் கிடையாது, போல" என்று தலையைத் தடவிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிடுவீர்கள்தானே? இலையை எங்கே போடப்போகிறீர்கள் என்று இப்போதே முடிவு பண்ணிவிடுங்கள்.