விமானியின் தவறு மட்டும்தானா?

வீட்டுக் கொட்டகையில் சொந்தமாகக் கட்டிய ஜைரோபிளேன் விழுந்து, ஓட்டியவர் இறந்துபோனால் பேச்சு பெரும்பாலும் ஒரே இடத்தில் போய் நின்றுவிடுகிறது: பயிற்சி போதவில்லை, தவறு செய்துவிட்டார். பல விபத்துகளில் இது உண்மையும்கூட. ஆனால் ஒரு நொடித் தவறுக்கு மீளவே வழியில்லாமல் அந்த இயந்திரம் ஏன் கவிழ்ந்தது என்று கேட்காமல் விடுவது இறந்தவருக்குச் செய்யும் அநியாயம். அதே மாதிரி ஒன்றை இப்போது கட்டிக்கொண்டிருப்பவருக்கோ அது ஆபத்து. பறப்பதற்கு முன் எடைமையத்தை அளந்து பதிவு செய்வதைச் சட்டமே கட்டாயமாக்க வேண்டும் என்பது என் வாதம்.

ஜைரோபிளேன் பார்வைக்கு ஹெலிகாப்டர் போல இருந்தாலும், பறக்கும்போது தலைக்கு மேலுள்ள சுழலிக்கு எஞ்சின் விசை போவதில்லை. புரொப்பெல்லர் வண்டியை முன்னே செலுத்த, கீழிருந்து ஊடுருவும் காற்றே சுழலியைச் சுற்றவைக்கிறது. வேகம் குறைந்ததும் விமானம் விழுந்துவிடும் ஆபத்தை ஒழிக்கத்தான் ஸ்பெயினின் ஹுவான் தெ லா சியெர்வா 1923இல் இதைப் பறக்கவிட்டார். எஞ்சின் நின்றாலும் சுழலி மெல்லத் தரையிறக்கிவிடும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. இன்றைய சிறு ஜைரோபிளேன்களில் பெரும்பாலானவற்றில் புரொப்பெல்லர் பின்னாலிருந்து தள்ளுகிறது. அந்தத் தள்ளுவிசை எடைமையத்துக்கு மேலாகச் சென்றால், உயரமான பீரோவை மேற்புறம் பிடித்துத் தள்ளுவது போலத்தான்: வண்டி முன்பக்கமாகக் கவிழப் பார்க்கும். சுழலி பாரத்தைத் தாங்கும்வரை கவிழாது. காற்றுக் குலுக்கலில் ஒரு கணம் பாரம் நீங்கினால் மூக்கு கீழே குத்துகிறது. சுழலி வேகமிழந்து, அதன் இறக்கைகள் வாலையோ புரொப்பெல்லரையோ வெட்டுகின்றன. சாதாரண விமானத்தில் பழகியவர் வேகம் குறைந்தால் ஸ்டிக்கை முன்னே தள்ளுவார். அங்கே உயிர் காக்கும் அந்தப் பழக்கமே இங்கே உயிரைப் பறித்துவிடும்.

ஜைரோபிளேன் விபத்துகளில் நேர்ந்த உயிர்ப்பலிகளுக்குப் பிறகு பிரிட்டனின் விமானப் போக்குவரத்து ஆணையம் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்திடம் ஆய்வை ஒப்படைத்தது. எடைமையத்துக்கும் தள்ளுவிசைக் கோட்டுக்கும் இடையிலான உயர வித்தியாசமே நிலைத்தன்மையை முக்கியமாகத் தீர்மானிக்கிறது என்று அந்த ஆய்வு காட்டியது. அந்த வித்தியாசம் இரண்டு அங்குலத்துக்குள், அதாவது சுமார் ஐந்து சென்டிமீட்டருக்குள் இருப்பதை நிரூபிக்காத ஒற்றை இருக்கை ஜைரோபிளேன்களுக்கு 2005இல் வேக வரம்பும் காற்று வரம்பும் விதிக்கப்பட்டன. எடைமையத்தை அளக்க ஆய்வகம் தேவையில்லை. ஓட்டுபவரை இருக்கையில் அமர்த்தி, வண்டியை உத்தரத்தில் தொங்கவிட்டு, தூக்குக் குண்டு காட்டும் கோட்டைச் சட்டத்தில் குறிக்க வேண்டும். பிறகு வேறொரு புள்ளியிலிருந்து தொங்கவிட்டு இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடம்தான் எடைமையம்.

வாலில் கிடைமட்டத் தகடு பொருத்தினால் போதும் என்பவர்கள் உண்டு. தகடு நல்லதுதான், ஆனால் அதன் பலன் குறைவு என்பதே கிளாஸ்கோ ஆய்வின் முடிவு. அந்த முடிவை ஏற்காதவர்களுக்கும் தகட்டைப் பொருத்துவதோடு எடைமையத்தையும் அளப்பதில் நஷ்டமில்லை. தன் உயிரைப் பணயம் வைப்பவனை அரசு ஏன் தடுக்க வேண்டும் என்ற கேள்வி இன்னும் கனமானது. அமெரிக்காவில் 254 பவுண்டுக்குக் குறைவான ஒற்றை இருக்கை அல்ட்ராலைட் விமானத்துக்கு உரிமமே தேவையில்லை. அந்தச் சுதந்திரத்தை நான் மதிக்கிறேன், அது இல்லாமல் புதியன பிறக்காது. ஆனால் பணயம் எவ்வளவு என்று தெரிந்து வைப்பதுதான் சுதந்திரம். வரைபடத்தை வாங்கிக் கட்டுபவருக்கு எடைமையம் எங்கே விழும் என்று தெரியாது. கனமான எஞ்சினுக்கு மாற்றினாலோ இருக்கையை உயர்த்தினாலோ அதுவும் நகரும். இரண்டாம் கையாக வாங்குபவருக்கோ எதுவுமே தெரியாது. தரையில் சுழலி தட்டிப் புரளும் விபத்துகளை இந்தச் சோதனை தடுக்காது, அதற்குப் பயிற்சிதான் வழி. ஆனால் கவிழும் ஆபத்துக்குச் சட்டம் கேட்க வேண்டியது இதுதான்: தொங்கவிட்டு அளந்த முடிவைக் குறித்த தாள் வண்டியின் பதிவேட்டில் ஒட்டப்பட்டு, வண்டி விற்கப்படும்போது அதனுடனேயே கைமாற வேண்டும். எஞ்சினையோ இருக்கையையோ மாற்றினால் மறுபடி தொங்கவிட்டு அளக்காமல் பறக்க அனுமதி கூடாது.